எல்லை கண்ட இளைஞர்

அக்ரஹாரத்தில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் நம் நண்பர் சிலர், விடுமுறை ஒன்றில் பெங்களூர் சென்று கோளரங்கத்தில் ஒரு காட்சி கண்டு வந்தனர். அண்டத்திலுள்ள மிகக் கனமானவை, மிக வேகமானவை, மிக விந்தையானவை ஆகியவற்றைப் பற்றிய காட்சி அது. ஒரு தேக்கரண்டிப் பொருள் பல டன் எடை நிற்கும் வெண்குறுமீன், ஒரு வினாடிக்குள் முப்பது முறை சுழலும் நியூட்ரான் விண்மீன், ஒளியையும் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் கருந்துளை என ஒவ்வொன்றாகக் காட்டினார்களாம். திரும்பி வந்த பின்னும் அவர்களுடைய பேச்சு ஓயவில்லை. ஆனால் அப்பேச்சு இறுதியில் வந்து நின்ற இடம் ஒரு மனிதரின் பெயர். காட்சியின் நடுவே சந்திரசேகர் எல்லை என்று ஒரு சொல் வந்தது. யார் இந்தச் சந்திரசேகர்? நம்மவர்தாமா? சர். சி. வி. இராமனுக்கு உறவு என்றார் ஒருவர். மருமகன் என்றார் மற்றொருவர். பேரன் என்று அடித்துச் சொன்னார் வேறொருவர்.

இராமனின் தமையனார் சி. சுப்பிரமணிய ஐயரின் மூத்த மகன் அவர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சிறிய தந்தையாரின் புகழ் நிழலில் வளர்ந்தவர் என்று எழுதுவோர் உண்டு. சந்திரசேகரோ அந்த நிழலில் நிற்க ஒருநாளும் விரும்பியவர் அல்லர்.

ஐயர் இரயில்வே தணிக்கைத் துறையில் உத்தியோகம் பார்த்தவர். இசையில் ஆழ்ந்த பயிற்சியுடையவர். கர்நாடக இசையைப் பற்றி நூலும் எழுதியவர். அவர் லாகூரில் பணியாற்றிய காலத்தில், 1910 அக்டோபர் 19 அன்று, சந்திரசேகர் பிறந்தார். கணிதப் பேராசிரியராக இருந்த பாட்டனாரின் பெயரே பேரனுக்கு இடப்பெற்றது. வீட்டில் பத்துக் குழந்தைகள். அவர் மூன்றாமவர், ஆண்களில் மூத்தவர். 1918-இல் குடும்பம் சென்னையில் வந்து நிலைத்தது.

தாயார் சீதாலட்சுமியைப் பற்றி இங்கே சில சொற்கள் எழுதாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. இளமையிலேயே மணமாகி வந்தவர் அவர். குடும்பப் பொறுப்புகளுக்கு இடையே ஆங்கிலம் கற்று, நார்வே நாட்டு நாடகாசிரியர் இப்சனின் பொம்மை வீடு என்னும் நாடகத்தைத் தமிழில் பெயர்த்தார். கணவனின் வீடே உலகம் என்றிருந்த ஒருத்தி அவ்வீட்டுக் கதவைத் திறந்து வெளியேறும் கதை அது. பத்துப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்த ஒரு தமிழ்த் தாய் அக்காலத்தில் அந்த நாடகத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பதே அவருடைய மனத்தின் அளவை நமக்குக் காட்டும். 1920-இல் கணித மேதை இராமானுஜன் மறைந்த செய்தியைப் பத்திரிகையில் படித்து, பத்து வயதுகூட நிரம்பாத தம் மகனுக்கு எடுத்துச் சொன்னவரும் அவரே. கும்பகோணத்துப் பிள்ளை ஒருவர் கேம்பிரிட்ஜ் வரை சென்று உலகம் போற்ற வாழ்ந்தார் என்ற செய்தி அச்சிறுவரின் நெஞ்சில் ஆழப் பதிந்துவிட்டது.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படிப்பு முடிந்தது. 1925-இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். மகன் ஐ. சி. எஸ். தேர்வு எழுதி அதிகாரியாக வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். அக்காலத்து நடுத்தரக் குடும்பங்களில் எந்தத் தந்தைக்குத்தான் அந்த விருப்பம் இல்லை? மகனுக்கோ பௌதிகத்தில்தான் நாட்டம். தாயார் மகன் பக்கம் நின்றார்.

1928-ஆம் ஆண்டு அவருக்குப் பொன்னான ஆண்டு. ஜெர்மானியப் பேரறிஞர் சம்மர்ஃபெல்டு அவ்வாண்டில் சென்னைக்கு வந்தார். அவர் எழுதிய அணு நூலை முழுதும் படித்து முடித்திருந்த பதினெட்டு வயது மாணவர், தாமே சென்று அவரைச் சந்தித்தார். நூலில் படித்த பௌதிகம் பழையதாகிவிட்டது, குவாண்டம் இயல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று அந்தப் பெரியவர் எடுத்துரைத்தார். வேறொருவராயின் சோர்ந்து போயிருப்பார். சந்திரசேகரோ, இன்னும் அச்சாகி வெளிவராத சம்மர்ஃபெல்டின் கட்டுரைப் படிகளை வாங்கிக்கொண்டு வந்து படித்தார். சில மாதங்களில் அப்புதிய கொள்கையைக் கொண்டு தாமே ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். கேம்பிரிட்ஜிலிருந்த ஃபௌலர் என்னும் அறிஞரின் பார்வைக்கு அதை அனுப்பினார். 1929-இல் அது இலண்டன் இராயல் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. அப்போது அவர் பட்டமும் பெறாத மாணவர்!

1930-இல் பட்டம் பெற்றார். இங்கிலாந்தில் ஆராய்ச்சி செய்ய அரசினர் உபகாரச் சம்பளம் அளித்தனர். ஆனால் அதற்குள் தாயார் நோய்வாய்ப்பட்டுவிட்டார். பிழைத்தெழுவது அரிது என்று எல்லாருக்கும் தெரிந்தது. நோயுற்ற தாயை விட்டுக் கடல் கடந்து செல்வதா என்று உறவினர் பலர் தடுத்தனர். தாயாரே அத்தடைகளை விலக்கினார். மகன் தமக்கு மட்டும் உரியவன் அல்லன், உலகுக்கும் உரியவன் என்பது அவருடைய கருத்து. 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் பில்ஸ்னா என்னும் கப்பல் புறப்பட்டது. மகனும் தாயும் பிறகு ஒருவரையொருவர் காணவில்லை. அடுத்த ஆண்டு மே மாதம் தாயார் மறைந்த செய்தி கேம்பிரிட்ஜுக்குப் போயிற்று.

மழைக்காலத்து அரபிக் கடல் முதற் சில நாள் கப்பலை அலைக்கழித்தது. ஏடன் தாண்டியதும் கடல் அடங்கிற்று. மேல்தளத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பத்தொன்பது வயது இளைஞர் கணக்குப் போடத் தொடங்கினார். அந்தக் கணக்கு என்ன என்பதை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

மார்கழி மாதத்து இரவில் ஒன்பது மணிக்கு மேல் அக்ரஹாரத்து மொட்டை மாடி ஒன்றில் நின்று சாமுண்டி மலைப் பக்கத்து வானைப் பாருங்கள். வானத்து விண்மீன்களில் எல்லாவற்றிலும் மிகுதியாக ஒளிவீசும் ஒன்று அங்கே தெரியும். மிருகவியாதன் என்பர் வடமொழியாளர். சிரியஸ் என்பர் மேனாட்டார். அதற்கு ஒரு துணை விண்மீன் உண்டு. வெறுங்கண்ணுக்குத் தெரியாத அத்துணையை 1862-இல்தான் தொலைநோக்கி வழியே முதலில் கண்டனர். அதன் நிறை ஏறக்குறைய நம் சூரியனின் நிறை. உருவமோ பூமியைவிடச் சற்றுச் சிறிது! சூரியனையே நசுக்கிப் பூமியளவு ஆக்கினால் எப்படியிருக்கும்? அதுதான் வெண்குறுமீன், வெள்ளைக் குள்ளன் என்றும் சொல்வதுண்டு. எரிபொருள் தீர்ந்து இறந்துபட்ட விண்மீனின் உடல் அது.

எரிகின்ற காலத்தில் விண்மீனின் வெப்பம் வெளியே தள்ளுகிறது. தன் ஈர்ப்பே அதை உள்ளே இழுக்கிறது. இரண்டும் சமமாக நிற்கும் வரையில் தொல்லையில்லை. எரிபொருள் தீர்ந்து வெப்பம் குறைந்த பின் ஈர்ப்பைத் தடுப்பது எது? இக்கேள்விக்கு 1926-இல் விடை சொன்னவர் ஃபௌலர். அவர் விடையை விளக்க நம் வீட்டுக் கலியாணப் பந்தியே போதும். பந்தியில் ஓர் இலைக்கு ஒருவர்தாம் உட்காரலாம். கீழ்த்தளத்துப் பந்தி நிரம்பினால் பின்னால் வருவோர் மாடிக்குப் போகவேண்டும்; அதுவும் நிரம்பினால் அதற்கு மேல்மாடி. எலெக்ட்ரான்களுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. ஒரு நிலையில் ஒன்றுதான் இருக்கலாம். இடம் நெருங்க நெருங்க, பின்வந்தவை மேலும் மேலும் உயர்ந்த நிலைகளுக்கு ஏறுகின்றன. மேலே ஏறுவது என்றால் வேகம் மிகுவது. அந்த வேகமே அழுத்தமாகி ஈர்ப்பைத் தாங்குகிறது. விண்மீன் முற்றும் ஆறினாலும் இந்த அழுத்தம் ஆறுவதில்லை. ஆகவே ஒவ்வொரு விண்மீனும் இறுதியில் வெண்குறுமீனாகி நிம்மதியாகத் துயிலலாம் என்று வானியலார் எல்லாரும் நம்பியிருந்தனர்.

கப்பலில் இருந்த இளைஞர் கேட்ட கேள்வி எளியது. வேகம் மிகுந்துகொண்டே போகலாமா? ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கைப்படி எதுவும் ஒளியை விஞ்சி ஓட முடியாது. நிறை மிகுந்த விண்மீனில் எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கிவிடும். அதற்குமேல் ஓட இயலாது. மாடிகளைக் கட்டிக்கொண்டே போனாலும் பயன் குறைந்துகொண்டே வரும். கணக்கைத் திரும்பப் போட்டார். ஃபௌலர் காணாத ஒன்று வெளிப்பட்டது. குறிப்பிட்ட ஒரு நிறைக்கு மேற்பட்ட உடலை அந்த அழுத்தத்தால் தாங்கவே முடியாது. பின்னர் அவர் திருத்தமாகக் கணித்த அளவுப்படி, சூரியனின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. இதுவே சந்திரசேகர் எல்லை.

அக்காலத்தில் இவ்வழியில் சிந்தித்தவர் அவர் ஒருவர்தாம் என்று சொல்வது நேர்மையாகாது. ஆண்டர்சன், ஸ்டோனர் என்னும் இருவரும் தனித்தனியே இத்தகைய ஓர் எல்லையைத் தொட்டிருந்தனர். ஆனால் விண்மீனின் முழு அமைப்பையும் கணக்கில் கொண்டு அதை நிறுவியவரும், பல ஆண்டு அதனோடு போராடியவரும் சந்திரசேகரே. 1931-இல் அமெரிக்க வானியல் பௌதிக இதழில் வந்த அவருடைய சிறு கட்டுரை உலகுக்கு அந்த எல்லையை அறிவித்தது.

கேம்பிரிட்ஜ் வாழ்க்கை இனிமையாக இருக்கவில்லை. குளிர், தனிமை, தாயின் பிரிவு, சைவ உணவு கிடைக்காத தொல்லை. சுற்றிலும் பேரறிஞர்கள் நடமாடும் ஊரில் தம்மை ஒரு சிறு துரும்பாக எண்ணிச் சோர்ந்த நாட்கள் பல. ஆயினும் 1933-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் டிரினிட்டிக் கல்லூரி அவரை ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுத்தது. அவருக்கு முன் அந்தச் சிறப்பைப் பெற்ற இந்தியர் ஒருவர்தாம்: இராமானுஜன்.

டிரினிட்டியில் அவருக்குப் பெரிதும் பழக்கமானவர் சர் ஆர்தர் எடிங்டன். 1919-ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தை ஆராய்ந்து, ஒளி வளைகிறது என்ற ஐன்ஸ்டைனின் கூற்றை உலகுக்கு மெய்ப்பித்தவர். விண்மீன்களின் உள்ளமைப்பைப் பற்றி அவர் எழுதிய நூல், சென்னையில் சந்திரசேகருக்கு ஒரு கட்டுரைப் போட்டியில் பரிசாகக் கிடைத்தது; கப்பலில் உடன் வந்ததும் அதுவே. 1934-இல் சந்திரசேகர் தம் எல்லையை ஐயத்துக்கு இடமின்றி நிறுவும் பொருட்டுக் கைப்பொறி ஒன்றைச் சுழற்றி இரவு பகலாகக் கணக்கிட்டார். எடிங்டன் அடிக்கடி அவருடைய அறைக்கு வந்து வேலை எந்த அளவில் இருக்கிறது என்று விசாரித்துப் போவார். இலண்டனில் வானியல் சங்கக் கூட்டத்தில் சந்திரசேகர் பேசக் கூடுதல் நேரம் வாங்கிக் கொடுத்தவரும் அவரே. தமக்கு அடுத்து, அதே பொருளைப் பற்றி எடிங்டனும் பேசப்போகிறார் என்பது முந்தின நாள் நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்தபோதுதான் இளைஞருக்குத் தெரியவந்தது. என்ன பேசப்போகிறார் என்பதை எடிங்டன் சொல்லவில்லை.

1935 ஜனவரி 11. இருபத்துநான்கு வயதுச் சந்திரசேகர் எழுந்து தம் முடிவைச் சொன்னார். எல்லைக்குட்பட்ட விண்மீன் வெண்குறுமீனாகும். எல்லையைக் கடந்ததற்கு அந்த முடிவு இல்லை. வேறு கதி உண்டா என்று நாம் தேட வேண்டும். அடுத்து எடிங்டன் எழுந்தார். அப்படியானால் அந்த விண்மீன் சுருங்கிக்கொண்டே போய், முடிவில் ஒளியும் வெளியேற முடியாதபடி ஈர்ப்பு முற்றிவிடும் என்று விளக்கினார். பிறகு, இது நடக்கக்கூடியதா என்று நகைத்தார். இயற்கை இத்தகைய அபத்தத்துக்கு இடங்கொடாது, ஆகவே இளைஞரின் அடிப்படையே தவறு என்று முடித்தார். அவை சிரித்தது. மறுமொழி கூற இளைஞருக்கு வாய்ப்புத் தரப்படவில்லை. கூட்டம் கலைந்தபோது அனுதாபம் சொல்லிவிட்டுப் போயினர் சிலர்.

இதில் உள்ள வேடிக்கையைக் கவனியுங்கள். எடிங்டன் நகைப்புக்காக வருணித்த அந்தப் பொருள், இன்று கோளரங்கத்தில் கருந்துளை என்று காட்டப்படுவதுதான். கணக்கு எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை அந்த அரங்கில் எல்லாரையும்விடத் தெளிவாகக் கண்டவர் அவர். கண்டதை ஏற்க மட்டும் மறுத்தார்.

அவ்வாண்டுக் கோடையில் பாரிசில் கூடிய உலக வானியல் மாநாட்டிலும் எடிங்டன் இதையே பேசினார். அங்கும் சந்திரசேகருக்குப் பேச இடம் கிடைக்கவில்லை. குவாண்டம் இயலைப் படைத்த பெரியவர்களுக்கு அவர் எழுதிக் கேட்டார். போர், பௌலி முதலியோர் எடிங்டன் கூறுவது தவறு என்பதில் ஒருமனப்பட்டிருந்தனர். ஆனால் அதை வெளியே சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. டிராக் முதலான மூவர் எடிங்டனை மறுத்து எழுதியது 1942-இல். ஏழு ஆண்டுகள் கழித்து!

இவ்வரலாற்றை எழுதுவோர் பலர் எடிங்டன்மீது மட்டும் சினம் கொள்கின்றனர். வெள்ளையரின் நிறவெறி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோரும் உண்டு. எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. எடிங்டன் தம் நெஞ்சார நம்பியதை அவையேறிச் சொன்னார்; அவர் நம்பியது தவறு. வெள்ளையரான அறிஞர்களையும் அவர் இதே போல் அவையில் வாட்டியதுண்டு. ஆனால் உண்மை எது என்று தெரிந்தும், கடிதத்தில் ஆறுதல் எழுதிவிட்டு, மேடையில் வாய்மூடியிருந்தவர்களை என்னென்பது? பெரிய மனிதரோடு நமக்கென்ன வம்பு என்று அவர்கள் எண்ணினர். அந்த ஒதுங்கலுக்கு விலை கொடுத்தவர் ஓர் அயல்நாட்டு இளைஞர்.

சந்திரசேகர் என்ன செய்தார்? இரண்டு வழிகள் இருந்தன. வாழ்நாள் முழுவதும் அதையே சொல்லிச் சண்டையிடலாம். அல்லது வேலையை முடித்துவிட்டு நகரலாம். அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். தாம் கண்டது அனைத்தையும் ஒரு நூலாக எழுதி 1939-இல் வெளியிட்டார். கதவைச் சாத்திவிட்டு வேறு துறைக்குச் சென்றார். இதைக் கோழைத்தனம் என்று கருதுவோருடன் நான் உடன்படேன். ஆனால் இதனால் நேர்ந்த இழப்பு சிறிதென்றும் சொல்லமாட்டேன். அதே 1939-இல் அமெரிக்காவில் ஓப்பன்ஹைமரும் அவர் மாணவரும், பெரிய விண்மீன் எல்லையின்றிச் சுருங்கும் என்று கணக்கிட்டுக் காட்டினர். அதையும் கேட்பாரில்லை. கருந்துளை ஆராய்ச்சி மேலும் இருபது ஆண்டுக்கு மேல் உறங்கிற்று.

இதற்கிடையே 1936-இல் அவர் சென்னைக்கு வந்தார்; மாநிலக் கல்லூரியில் தமக்கு ஓராண்டு பின்னால் பௌதிகம் படித்த லலிதாவை மணந்தார். பெற்றோர் பார்த்து முடித்த திருமணம் அன்று, இருவரும் தாமே தேர்ந்துகொண்டது. பெண்கல்விக்காகவும் இளம் விதவைகளுக்காகவும் உழைத்த சகோதரி சுப்புலட்சுமியின் குடும்பத்தைச் சேர்ந்தவர் லலிதா. அந்தப் பயணத்தில் சந்திரசேகர் செய்த இன்னொரு காரியமும் நினைக்கத் தக்கது. இராமானுஜனின் நல்ல படம் ஒன்று வேண்டும் என்று பேராசிரியர் ஹார்டி கேட்டிருந்தார். திருமதி ஜானகி அம்மாளிடமிருந்து இராமானுஜனின் பாஸ்போர்ட்டுப் படத்தைப் பெற்று அனுப்பினார் சந்திரசேகர். இன்று நாம் பாடநூல்களிலும் சுவர்களிலும் காணும் இராமானுஜனின் கூர்ந்த பார்வை அந்தச் சிறு படத்திலிருந்து வந்தது.

தாயகத்தில் ஏன் தங்கவில்லை என்ற கேள்வி நம் மாணவருக்கு எழும். சிறிய தந்தையார் இராமன் அப்போது நம் மைசூர் சமஸ்தானத்துப் பெங்களூரில் விஞ்ஞானக் கழகத்தில் இருந்தார். அங்கே நிலவிய பூசல்களைச் சந்திரசேகர் அறிவார். உறவினர் தயவில் பதவி என்ற பேச்சுக்கும் அவர் இடங்கொடுக்க விரும்பவில்லை. சிகாகோப் பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகம் அழைத்தது. 1937 முதல் இறுதிவரை, ஐம்பத்தெட்டு ஆண்டுகள், அந்தப் பல்கலைக்கழகமே அவருக்கு இடம். அங்கும் நிறம் குறுக்கே வந்தது. கறுத்த நிறத்தவர் ஒருவர் வளாகத்தில் வகுப்பு நடத்துவதா என்று துறைத்தலைமையில் இருந்த ஒருவர் தடுத்தார். பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் தலையிட்டு அத்தடையை நீக்கினார். 1953-இல் சந்திரசேகர் அமெரிக்கக் குடிமகனானார். தந்தையாருக்கு அதனால் மனத்தாங்கல்.

அவருடைய உழைப்பு முறை விசித்திரமானது. ஒரு துறையை எடுத்துக்கொள்வார். பல ஆண்டு அதிலேயே மூழ்குவார். எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி ஒரு பெருநூல் எழுதுவார். பின்னர் திரும்பிப் பாராமல் அடுத்த துறைக்குப் போய்விடுவார். விண்மீன் கூட்டங்களின் இயக்கம் பற்றி 1942-இல் ஒரு நூல். ஒளி கடந்து செல்லும் முறை பற்றி 1950-இல். பாய்மங்களின் நிலைப்பாடு பற்றி 1961-இல். சுழலும் உருண்டைகளின் வடிவம் பற்றி 1969-இல். இவற்றினிடையே 1952 முதல் 1971 வரை வானியல் பௌதிக இதழின் ஆசிரியப் பொறுப்பு. நாற்பதுகளில் வானாய்வகத்திலிருந்து நெடுந்தொலைவு காரில் சென்று சிகாகோவில் மிகச் சில மாணவருக்கு வகுப்பெடுத்த கதையைப் பலரும் சொல்வர். அவ்வகுப்பில் இருந்த லீ, யாங் என்னும் சீன இளைஞர் இருவர் 1957-இல் நோபெல் பரிசு பெற்றனர். ஆசிரியருக்கு அது வந்து சேர மேலும் இருபத்தாறு ஆண்டு ஆயிற்று.

வானம் தன் சாட்சியத்தை மெல்ல மெல்லக் கொடுத்தது. 1967-இல் ஜோஸ்லின் பெல் என்னும் ஆராய்ச்சி மாணவி, எடிங்டன் வாழ்ந்த அதே கேம்பிரிட்ஜில், கடிகாரம் போல் ஒழுங்காகத் துடிக்கும் வானொலிச் சைகைகளைக் கண்டார். அவை நியூட்ரான் விண்மீனிலிருந்து வருபவை. எல்லையைத் தாண்டிய கரு, எலெக்ட்ரான்களின் தடையை முறித்துக்கொண்டு சுருங்கும்போது பிறப்பது அது. சூரியனை விஞ்சும் நிறை. குறுக்களவோ இருபது கிலோமீட்டர் அளவு. மைசூரிலிருந்து சீரங்கப்பட்டணம் போகும் வழியைவிடச் சற்றே நீளம்! அந்தத் தடையும் தாங்காவிடில் எஞ்சுவது கருந்துளை. எழுபதுகளின் தொடக்கத்தில் அன்ன மண்டலத்தில் எக்ஸ்-கதிர் வீசும் ஒரு பொருள் கருந்துளையாகவே இருக்க வேண்டும் என்று வானியலார் கண்டனர்.

எல்லா விண்மீனுக்கும் இக்கதி வராது. நம் சூரியன் எல்லைக்குட்பட்டது, வெண்குறுமீனாகி அடங்கும். பிறக்கும்போது பெரிதாக இருப்பவையும் வாழ்நாளில் தம் பொருளை உதறிக்கொண்டே வருகின்றன. இறுதியில் மிஞ்சும் கருவின் நிறையே கணக்கு. ஆனால் மார்கழியில் நாம் கொண்டாடும் திருவாதிரை விண்மீனைப் பாருங்கள். பத்துச் சூரியனுக்கு மேற்பட்ட நிறை கொண்டு சிவந்து நிற்கும் அது, ஒருநாள் சூப்பர்நோவாவாக வெடித்தே தீரும். திருவாதிரைக்கு ஒரு முடிவு, அதற்குக் கீழே மின்னும் மிருகவியாதனின் துணைக்கு வேறொரு முடிவு. இரண்டையும் பிரிக்கும் கோடு, கப்பலில் நம் இளைஞர் கண்ட அந்த எண்தான்.

இளமையில் விட்டுவந்த பொருளுக்குச் சந்திரசேகர் முதுமையில் திரும்பினார். அறுபதைக் கடந்த பின், 1974-இல் கருந்துளைகளின் கணிதத்தை எடுத்துக்கொண்டார். இடையில் இருதய நோய் தாக்கியும் ஓயவில்லை. 1983-இல் அந்நூல் வெளிவந்தது. பக்கம் பக்கமாக நிறைந்திருக்கும் அதன் சமன்பாடுகளைக் கண்டு கணிதம் வல்லாரே மலைப்பர். அவ்வாண்டு அக்டோபர் 19, அவருடைய எழுபத்துமூன்றாம் பிறந்த நாளன்று, நோபெல் பரிசுச் செய்தி வந்தது. வில்லியம் ஃபௌலர் என்னும் அமெரிக்கருடன் பகிர்ந்து பெற்றார். (இவர் கேம்பிரிட்ஜ் ஃபௌலர் அல்லர்.)

அதற்கு முந்தின ஆண்டு, எடிங்டனின் நூற்றாண்டையொட்டிக் கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரியில் சொற்பொழிவாற்றச் சந்திரசேகரை அழைத்தனர். அவர் சென்றார். 1935-இன் நிகழ்ச்சியை மறைக்காமல் கூறினார். எடிங்டன் தம் காலத்து வானியல் பௌதிகரில் தலைசிறந்தவர் என்பதையும் மறைக்காமல் கூறினார். எதிர்த்த நாட்களிலும் இருவரிடையே நட்பு முறியவில்லை. 1944-இல் எடிங்டன் மறையும் வரை கடிதப் போக்குவரத்து இருந்தது. தம்மை அவையில் நகைத்தவரின் பெருமையை ஐம்பது ஆண்டு கழித்து அவருடைய கல்லூரியிலேயே எடுத்துரைப்பது எளிய செயலா?

நியூட்டனின் பெருநூலைப் பொது வாசகருக்கு விளக்கி அவர் எழுதிய நூல் 1995-இல் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 21 அன்று சிகாகோவில் உயிர் நீத்தார். திருமதி லலிதா 2013 வரை, நூற்றிரண்டு வயது வாழ்ந்தார். 2015-இல் இரு கருந்துளைகள் மோதிய அதிர்வைப் பூமியிலுள்ள கருவிகள் பதிந்தன. 2019 ஏப்ரலில், 650 கோடிச் சூரியன்களின் நிறை கொண்ட ஒரு கருந்துளையின் நிழற்படத்தை உலகம் முதன்முதலாகக் கண்டது.

1999 ஜூலை 23 அன்று, எக்ஸ்-கதிர்களைக் காணும் பெருந்தொலைநோக்கி ஒன்றை அமெரிக்கர் விண்ணில் செலுத்தினர். சந்திரா என்று அதற்குப் பெயர். நண்பர்கள் அவரை அழைத்த பெயர் அது. அத்தொலைநோக்கி எடுத்த படங்களில் மிருகவியாதனின் படமும் ஒன்று. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அந்தப் பெரிய விண்மீன் தன் துணையைவிடப் பல்லாயிர மடங்கு பிரகாசமானது. எக்ஸ்-கதிர்ப் படத்திலோ நடுவில் பளீரென்று நிற்பது அந்தச் சிறிய வெண்குறுமீன். பெரியது அதன் பக்கத்தில் மங்கிய ஒரு புள்ளியாகத் தெரிகிறது.